212-ஆம் பக்கத்தில் ஓர் இன்ட்டு

"உயிருக்கு ஆபத்துன்னு போன்ல சொன்னீங்க. யார் உயிருக்கு?"

அண்ணி கேட்டதும் நாவலாசிரியர் தோள்பையிலிருந்து தலையணை கனத்தில் ஒரு புத்தகத்தை எடுத்து மேசைமேல் வைத்தார். மேசை லேசாக முனகியது.

"என் எழுத்துக்கு."

"அப்ப டீ சொல்லலாம் அண்ணி. அவசரமில்ல," என்றான் பாலிசி.

மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேலே, இரண்டாவது மாடியில் இருந்தது அந்தத் துப்பறியும் அலுவலகம். அதை நடத்துபவள் இருபத்திரண்டு வருடம் ஓர் அச்சகத்தில் பிழை திருத்தியவள். அடுத்தவர் தப்பைப் பார்த்தால் கை சும்மா இருக்காது. அச்சகத்தை மூடியதும் அந்த அரிப்பையே தொழிலாக்கிக்கொண்டாள். உதவியாளன் அவள் கணவனின் தம்பி. வயது நாற்பத்து மூன்று. ஆயுள் காப்பீட்டு முகவராக இருந்து, நன்றாக இருப்பவர்களைப் பயமுறுத்தியே பல வருடம் ஓட்டியவன். அதனால் பாலிசி. அவன் வாய் ஓயாமல் அண்ணி, அண்ணி என்று கூப்பிடப்போய், வருகிற கட்சிக்காரர்களும் பத்தாவது நிமிடத்தில் அப்படியே கூப்பிட ஆரம்பித்துவிடுவார்கள்.

நாவலாசிரியருக்கு அறுபது வயது. தலைமயிருக்கு மட்டும் நாற்பது.

"நான் எழுதின 'ஒன்பதாம் கிடங்கு' படிச்சிருப்பீங்க," என்றார்.

"பஸ்ல பக்கத்துல உக்காந்தவர் படிச்சார். நான் கூடவே கொஞ்சம் படிச்சேன். நாயகி அழ ஆரம்பிக்கறப்போ என் ஸ்டாப் வந்துடுச்சு," என்றான் பாலிசி.

ஐம்பது வருடங்களுக்கு முன் துறைமுகத்தின் ஒன்பதாம் நம்பர் கிடங்கு தீப்பிடித்து எரிந்தது. உள்ளே வைத்துப் பூட்டப்பட்டிருந்த நாற்பத்தொரு சுமை தூக்கும் தொழிலாளிகள் செத்தார்கள். காவல்காரன் பூட்டிவிட்டுச் சாவியோடு ஓடிப்போனான் என்று விசாரணைக் கமிஷன் எழுதி முடித்தது. இவ்வளவுதான் சரித்திரம். அதன்மேல் நாவலாசிரியர் அறுநூறு பக்கம் எழுப்பியிருந்தார். துறைமுக அதிகாரிக்கு ஓர் அழகான மகளைக் கொடுத்தார். அவளுக்கு மூன்று காதல்களும் ஒரு நாயும் கொடுத்தார். பதினோரு பதிப்பு போய்விட்டது. சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு, ஆண்டின் சிறந்த கற்பனைக்கான விருது அவருக்குக் கொடுக்கப்படவிருந்தது.

"வாசகர்கள் என்ன சொல்றாங்க?" என்று அண்ணி கேட்டாள்.

அந்தக் கேள்விக்காகவே காத்திருந்ததுபோல ஒரு கோப்பு வெளியே வந்தது. பாலிசி அதைப் பிரித்து உரக்கப் படித்தான்.

"'நாயகி என் பெரிய அத்தைதான் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் அதே மூக்கு.' நல்லா இருக்கே! அடுத்தது. 'நாய் கண்ணீர் விடும் காட்சிக்கு வரலாற்று ஆதாரம் உண்டு என்று என் அப்பா சொல்கிறார். ஆனால் ஒரே தீயில் நாற்பத்தொரு பேர் சாவது நம்பும்படி இல்லை. எழுத்தாளர் சற்று அடக்கி வாசித்திருக்கலாம்.' இது ஒரு சங்கத்து லெட்டர். 'இந்நாவலை வன்மையாகக் கண்டிக்கிறோம். இன்னும் படிக்கவில்லை. படித்தால் கோபம் தணிந்துவிடும் என்று உறுப்பினர்கள் அஞ்சுகிறார்கள்.'"

"வாசகர்கள் பலவிதம்," என்றார் நாவலாசிரியர், கண்களை அடக்கமாகத் தாழ்த்தி.

"இல்ல சார், ஒரே விதம்தான். நீங்க விட்ட கதையெல்லாம் நம்பறாங்க. நடந்ததை மட்டும் சந்தேகப்படறாங்க," என்றான் பாலிசி.

அண்ணி மேசைமேல் இருந்த புத்தகத்தைத் திறந்தாள். போன வாரம் தபாலில் வந்ததாம். அனுப்பியவர் பெயர் இல்லை. முதல் பக்கம் தொடங்கிக் கடைசிப் பக்கம் வரை ஓரத்தில் பென்சில் குறிகள். சில இடத்தில் இன்ட்டு, சில இடத்தில் வட்டம். கடைசி வெள்ளைப் பக்கத்தில் ஒரே ஒரு வரி: 'சனிக்கிழமை வருகிறேன்.'

"பாத்தீங்களா? இவன் ஒரு கிறுக்கன்," என்றார் நாவலாசிரியர். "நிஜமா நடந்ததுக்கெல்லாம் இன்ட்டு போட்டிருக்கான். செத்தது நாப்பத்தொரு பேர், இன்ட்டு. அன்னிக்கு மேல்காத்து, இன்ட்டு. ஆனா நாயகி மாடிப்படியில பாடறதுக்கு வட்டம். நாய்க்கு வட்டம். எல்லாத்தையும் தலைகீழாப் புரிஞ்சுக்கிட்ட ஒருத்தன் விழாவுக்கு வர்றேங்கறான். எனக்குப் பயமா இருக்காதா?"

"எல்லாமே தலைகீழா?"

"எல்லாமே."

"ஒண்ணுகூட விடாம?"

"ஒண்ணுகூட."

அண்ணி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டாள். "பரீட்சையில நூத்துக்கு நூறு வாங்கறதும் நூத்துக்கு சைபர் வாங்கறதும் ஒரே கஷ்டம்தான். சரியான விடை தெரிஞ்சவங்களாலதான் ஒண்ணுவிடாம தப்பா எழுத முடியும். எது சரித்திரம், எது நீங்க விட்டதுன்னு இந்த ஆளுக்கு அட்சரசுத்தமாத் தெரிஞ்சிருக்கு."

அதன்பின் அரை மணி நேரம் அவள் பக்கம் பக்கமாகக் கேட்டுக்கொண்டு போனாள். அவர் நிஜம், கற்பனை, நிஜம், கற்பனை என்று பதில் சொல்லிக்கொண்டு வந்தார். இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் அவள் விரல் நின்றது. புகை வந்ததும் கதவைத் திறக்க ஓடிய காவல்காரனின் கையிலிருந்து கிடங்கு மேலாளர் சாவியைப் பிடுங்கிக்கொள்ளும் காட்சி. ஓரத்தில் ஓர் இன்ட்டு.

"இது நடந்ததா?"

"இல்ல, இல்ல. சுத்தமான கற்பனை. விருதுக் குழு பாராட்டினதே இந்தக் காட்சியைத்தான்." அவர் டீயை ஒரே மடக்கில் குடித்தார். "இந்த ஒரு இடத்துல மட்டும் அவன் போட்டது சரி. பொய்யைப் பொய்னு சொல்லியிருக்கான். குருட்டு அதிர்ஷ்டம்."

புறப்படும்போது வாசல்வரை போனவர் திரும்பி நின்றார்.

"ஆளைக் கண்டுபிடிச்சா போதும் அண்ணி. அப்புறம் இன்னொண்ணு. அவங்க கையில பழைய கடிதம், நகல், அந்த மாதிரி ஏதாவது இருக்கான்னும் பாத்துடுங்க."

படியில் காலடிச் சத்தம் அடங்கியதும் பாலிசி கதவைச் சாத்தினான்.

"கவனிச்சீங்களா அண்ணி? ஒரு மணி நேரமா அவன், இவன், கிறுக்கன். போறப்போ மட்டும் 'அவங்க'."

"கவனிச்சேன். பயத்துல மரியாதை வரும். ஆனா இது பயத்துல வந்த மரியாதை மாதிரி தெரியல." அண்ணி பார்சல் காகிதத்தைத் திருப்பினாள். தபால் முத்திரை துறைமுகக் கிளையுடையது. "கிளம்பு. கடல்காத்து வாங்கிட்டு வரலாம்."

துறைமுகத்தில் ஒன்பதாம் கிடங்கு இருந்த இடம் இப்போது சுற்றுலாத் தலம். நாவலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு முப்பது பேர் ஒரு வழிகாட்டியின் பின்னால் நடந்துகொண்டிருந்தார்கள். சுங்கக் கட்டிடத்தின் மேல்மாடி ஜன்னலைக் காட்டினான் வழிகாட்டி.

"இந்த ஜன்னல்லேருந்துதான் நாயகி குதிச்சாங்க."

கூட்டத்தில் நாலைந்து பேர் மூக்கை உறிஞ்சினார்கள். அந்தக் கட்டிடம் கட்டி இருபது வருடம்கூட ஆகவில்லை என்று வாசலில் கல்வெட்டே இருந்தது. யாரும் அதைப் படிக்கவில்லை. கொஞ்சம் தள்ளி இடுப்பளவு உயரத்தில் ஒரு கருங்கல் நின்றது. அதில் நாற்பத்தொரு பெயர்கள். படம் எடுக்க வசதியாக வாசகர்கள் தங்கள் பைகளை அதன்மேல் வைத்திருந்தார்கள்.

"இந்தக் கல்லு என்ன தம்பி?" என்று பாலிசி கேட்டான்.

"அது கதையில வராது சார்," என்றான் வழிகாட்டி.

பக்கத்தில் நின்ற ஒரு பெண்மணி கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "நாயகியோட போட்டோவை என் சிநேகிதி பாத்திருக்கா. அவ்வளவு அழகாம்."

"இந்த நாப்பத்தொரு பேரு?"

"அதெல்லாம் எழுத்தாளருங்க கொஞ்சம் கூட்டித்தான் எழுதுவாங்க. நாமதான் கழிச்சுக்கணும்."

பாலிசி பதில் சொல்ல வாயைத் திறந்தான். அண்ணி அவன் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். வெளியே போகும் வழி படகில் வந்திறங்கும் பயணிகளின் சோதனைக்கூடம் வழியாகத்தான். நீண்ட மேசை. அதன் பின்னால் சீருடையில் ஒரு சோதனைக்காரர், கையில் சாக்பீஸ். பெட்டிகள் வரிசையாக நகர்ந்தன. பாலிசியின் தோல்பை வந்ததும் சோதனைக்காரர் அதை ஒரு பார்வை பார்த்தார். சர்ரென்று ஒரு வட்டம் போட்டார்.

"திறங்க."

"ஏன் சார்? முன்னாடி போனவருக்கு அழகா இன்ட்டு போட்டு அனுப்பினீங்க. என் மூஞ்சியப் பாத்தா மட்டும் வட்டமா?"

"இன்ட்டு போட்டா பாத்தாச்சு, போகலாம்னு அர்த்தம். வட்டம்னா சந்தேகம். திறந்து பாக்கணும். பையில என்ன, கல்லா?"

பாலிசி திறந்தான். உள்ளே 'ஒன்பதாம் கிடங்கு'.

"கல்லு இருந்தாலும் பரவாயில்லைன்னு விட்டிருப்பேன்," என்றார் சோதனைக்காரர்.

அண்ணி சிரிக்கவில்லை. புத்தகத்தை எடுத்துப் பக்கங்களைப் புரட்டி அவர் முன்னால் நீட்டினாள். "சார், இது யார் போட்ட இன்ட்டு?"

அவர் குனிந்து பார்த்தார். வலது கால் முடிகிற இடத்தில் ஒவ்வொரு இன்ட்டுக்கும் ஒரு சின்ன வால் மேல்நோக்கி வளைந்திருந்தது. அவர் முகம் மலர்ந்தது.

"சாக்பீஸ் அக்கா! நாங்க ஒவ்வொருத்தரும் ஒரு தினுசாப் போடுவோம். யார் விட்ட பெட்டின்னு பின்னாடி தெரியணும்ல. இந்த வால் அக்காவோடது. முப்பது வருஷம் இதே மேசையில நின்னாங்க. மூணு மாசம் முன்னாடிதான் ரிட்டயர் ஆனாங்க. அவங்க இன்ட்டு போட்ட ஒரு பெட்டிகூடத் தப்பாப் போனதில்ல. அவங்களா நாவலைச் சோதனை போட்டாங்க? நல்லா வேணும்."

விலாசம் வாங்கிக்கொண்டு வெளியே வந்தார்கள். பாலிசி தலையைச் சொறிந்தான்.

"அப்ப கிறுக்கு நம்ம கட்சிக்காரருக்குத்தான். இன்ட்டுன்னா சரி, வட்டம்னா பொய். அக்கா நூத்துக்கு நூறு. இருநூத்துப் பன்னிரண்டு மட்டும்தான் உதைக்குது."

"உதைக்கல. அங்கயும் இன்ட்டுதான் போட்டிருக்காங்க. அப்ப அதுவும் நடந்ததுதான். அதைக் கற்பனைன்னு சொல்ற ஒரே ஆள் அதை எழுதினவர்."

பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தது. அண்ணி புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டாள்.

"இந்த மனுஷனுக்குக் கண்ணுன்னா உயிர். முப்பதாம் பக்கம், 'அவள் கண்கள் இரண்டும் கடல்.' அம்பத்தெட்டு, 'அதிகாரியின் கண்களில் அமாவாசை.' தொண்ணூத்தேழுல நாயோட கண்ணுக்கே அரைப் பக்கம். புது ஆள் யார் வந்தாலும் முதல்ல கண்ணு, அப்புறம்தான் பேச்சு. இப்ப இதைக் கேளு. 'பெல்ட்டின் பித்தளைக் கொக்கியில் ஒரு கீறல். சட்டையின் கடைசிப் பொத்தான் இல்லை. ஒரு கை நீண்டது. சாவி காவல்காரனின் விரல்களிலிருந்து போய்விட்டது. கால்சட்டையின் வலது பை. ஒரு ஷூவின் கயிறு அவிழ்ந்து மண்ணில் இழுபட்டது.' அவ்வளவுதான். மேலாளருக்கு முகமே இல்ல."

"கண்ணை மறந்துட்டாரா?"

"அவர் மறக்க மாட்டார். இதைப் பாத்தவங்களுக்கு அதுக்கு மேல எட்டல. பாத்தவங்க உயரம் மூணரை அடி."

பாலிசி தன் பெல்ட்டருகே கையை வைத்து அந்த உயரத்தை அளந்து பார்த்தான்.

சாக்பீஸ் அக்கா மூன்றாம் மாடியில் ஓர் அறைக் குடியிருப்பில் இருந்தார். தரையில் காகிதம் விரித்து, அக்கம்பக்கத்தாரின் பழைய பெட்டி ஒன்றுக்கு ஜிப் மாற்றிக்கொண்டிருந்தார். ஐம்பத்தெட்டு வயது. யார் வந்தாலும் முதலில் கையிலிருக்கும் பையைத்தான் பார்த்தார்.

"அவர் அனுப்பின ஆளுங்களா?" என்றார். "லெட்டருக்கு நகல் இருக்கான்னு கேட்டாரா?"

பாலிசிக்குப் புரை ஏறியது.

"கேட்டார்," என்றாள் அண்ணி. "இருக்கா?"

"இல்ல. எழுதினதே ஒரு தடவைதான். இருபத்திரண்டு பக்கம். இன்னொரு தடவை எழுத மனசுக்குத் தெம்பில்ல."

நூலைக் கடித்து அறுத்துவிட்டு அவர் சொன்னார். காவல்காரர் அவருடைய அப்பா. அன்றைக்கு அவர் வீட்டில் மறந்து விட்டுப்போன மூக்குக்கண்ணாடியைக் கொடுக்க எட்டு வயது மகள் கிடங்குக்கு ஓடினாள். கிடங்குக்குள் வேலை முடிகிற நேரம். தொழிலாளிகள் எதையும் ஒளித்து எடுத்துப் போகாமல் இருக்க, சோதனை முடியும்வரை வெளிக்கதவைப் பூட்டி வைப்பது வழக்கம். புகை வந்ததும் அப்பா சாவியோடு கதவுக்கு ஓடினார். சின்னப் புகைதான், திறந்தால் இந்தச் சாக்கில் சரக்கோடு ஓடிவிடுவார்கள் என்று மேலாளர் சாவியைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டு, போன் பேசப் போனார். அவர் திரும்பி வந்தபோது கதவே சிவப்பாக இருந்தது.

"கமிஷன்ல நான் சொன்னேன். 'குழந்தை சொல்வதை ஏற்க முடியாது'ன்னு எழுதினாங்க. அப்பா வேலை போச்சு. அப்புறம் ஒன்பது வருஷம் மூட்டை தூக்கினார். தெருவுல யாரும் அவர்கிட்ட நெருப்புப் பெட்டிகூடக் கேக்க மாட்டாங்க."

"நாவலாசிரியருக்கு எப்ப எழுதினீங்க?"

"ஆறு வருஷம் ஆச்சு. அவரோட முந்தின சரித்திர நாவலைப் படிச்சுட்டு, இவர் எழுதினா ஊரே நம்பும்னு தோணிச்சு. எடுத்துக்கட்டும்னுதான் எழுதினேன். என் பேரு வேணாம், அப்பா பேருகூட வேணாம்னேன். புத்தகம் வந்ததும் வாங்கிப் படிச்சேன். அப்பா அதுல நல்லா இருந்தார். ரெண்டு நாள் தூக்கமே வரல, அவ்வளவு சந்தோஷம். மூணாவது நாள் டிவியில பேட்டி. 'அந்தச் சாவிக் காட்சி எங்கேர்ந்து வந்தது?'ன்னு கேக்கறாங்க. நெஞ்சைத் தொட்டு, 'இங்கேர்ந்து. முழுக்க என் கற்பனை'ங்கறார்."

அவர் ஜிப்பை ஒருமுறை இழுத்துப் பார்த்தார். ஓடியது.

"கமிஷன்காரங்க பொய்னு சொன்னாங்க. இவர் கற்பனைன்னு சொன்னார். ரெண்டுல இவர் வார்த்தை அழகா இருக்கு, அவ்வளவுதான்."

"சனிக்கிழமை வந்து என்ன பண்ணப் போறீங்க அக்கா?" என்று பாலிசி கேட்டான்.

"ஒண்ணும் பண்ண மாட்டேன். முன்வரிசையில உக்காருவேன். அந்தச் சின்ன வயசுல எனக்கு மேலாளர் மூஞ்சி எட்டல. இவர் மூஞ்சியாவது பாக்கறேன்."

சனிக்கிழமை நாலரை மணிக்கு அரங்கத்தின் பின்னறையில் நாவலாசிரியருக்குப் பவுடர் போட்டுக்கொண்டிருந்தார்கள். அண்ணியைப் பார்த்ததும் ஒப்பனைக்காரரை வெளியே அனுப்பினார்.

"ஆள் கிடைச்சாச்சு," என்றாள் அண்ணி. "நகல் ஏதும் இல்ல."

"அப்பாடா!"

"எதுக்கு சார் அப்பாடா?" என்றான் பாலிசி. "எதோட நகல்னே நாங்க இன்னும் சொல்லலையே?"

பவுடருக்கு அடியில் முகம் நிறம் மாறியது. ஆனால் அவர் அனுபவசாலி. "அண்ணி, வாசகர்கள் ஆயிரம் எழுதுவாங்க. ஒரு பொறி எங்கேயாவது விழுந்திருக்கலாம். அதைக் காட்சியாக்கினது என் கற்பனை."

"உங்க கற்பனைக்குக் கண்ணு உண்டு சார். இருநூத்துப் பன்னிரண்டுல கண்ணே இல்ல. பெல்ட்டுக்கு மேல ஒண்ணுமே இல்ல. நீங்க ஒரு வார்த்தைகூட மாத்தல. எட்டு வயசுக் குழந்தை நின்ன உயரத்தைக்கூட அப்படியே எடுத்துட்டீங்க. கேள்வி நேரத்துல நான் எழுந்து அந்தப் பக்கத்தை வாசிச்சு, கண்ணு எங்கேன்னு மட்டும் கேக்கட்டுமா?"

அவர் நாற்காலியில் சரிந்தார். "நடந்ததுன்னு நான் சொன்னா இந்த விருது...?"

"கற்பனைக்குத்தானே குடுக்கறாங்க? வேற அறுநூறு பக்கம் இருக்கே. நாய் இருக்கு," என்றான் பாலிசி.

"அவங்க எதுவும் கேக்கல. நான்தான் ஒரே ஒரு வாக்கியம் கேக்கறேன்," என்றாள் அண்ணி. "இது நடந்ததுன்னு. அதைச் சொல்லிட்டு எந்த விருதை வேணா வாங்கிக்குங்க."

அரங்கம் நிரம்பி வழிந்தது. முன்வரிசையில் சாக்பீஸ் அக்கா கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். நாவலாசிரியர் ஒலிபெருக்கியின் முன் வந்து நின்றார். தயாரித்துக் கொண்டுவந்த நன்றியுரையைப் பிரித்தார். முன்வரிசையைப் பார்த்தார். காகிதத்தை மடித்துப் பையில் வைத்தார்.

"இருநூத்துப் பன்னிரண்டாம் பக்கம் என் கற்பனை இல்லை," என்றார். "அது நடந்தது. காவல்காரர் ஓடவில்லை. சாவியை அவரிடமிருந்து பிடுங்கினார்கள். அதைக் கண்ணால் பார்த்த அவருடைய மகள் எனக்கு எழுதிய கடிதத்திலிருந்து நான் எடுத்தேன். அவர் இதோ, இங்கேதான் உட்கார்ந்திருக்கிறார்."

கூரை அதிரக் கைத்தட்டல்.

"பார்த்தீர்களா!" தொகுப்பாளர் பரவசத்தில் ஒலிபெருக்கியைப் பற்றினார். "நன்றியுரையிலும் ஒரு கதை! எது நிஜம், எது கற்பனை என்று நம்மைத் திணறடிக்க இவரால்தான் முடியும்!"

"இல்லைங்க, நிஜமாவே," என்றார் நாவலாசிரியர்.

இரண்டாவது கைத்தட்டல் முதலாவதைவிடப் பலமாக இருந்தது. பின்வரிசையில் பலர் எழுந்தே நின்றார்கள். மூன்றாவது முறை அவர் சொல்லிப் பார்த்திருக்கலாம். அதற்குள் கேடயம் கைக்கு வந்துவிட்டது. ஒரு கணம் தயங்கினார். பிறகு குனிந்து வணங்கினார்.

பாலிசி பல்லைக் கடித்தான். "அண்ணி, நீங்க எழுந்து அந்தப் பக்கத்தை வாசிங்க."

"வாசிச்சா என்னையும் கதையில சேத்துடுவாங்க," என்றாள் அண்ணி. இருபத்திரண்டு வருடப் பிழைதிருத்தத்தில், பிழையைத் திருத்தினால் கைதட்டுகிற கூட்டத்தை அவள் பார்த்ததில்லை. அவளுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை.

விழா முடிந்ததும் வாசகர்கள் சாக்பீஸ் அக்காவைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"தத்ரூபமா உக்காந்திருந்தீங்க! எந்த நாடகக் குழு நீங்க?"

"கண்ணுல தண்ணி எப்படிங்க டக்குனு வர வச்சீங்க?"

ஓர் இளைஞன் இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தைத் திறந்து பேனாவை நீட்டினான். அக்கா பேனாவை வாங்கவில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு பக்கவாட்டுக் கதவுக்கு நடந்தார். அண்ணியும் பாலிசியும் பின்னாலேயே ஓடினார்கள். அங்கே, அவசர வழி என்று எழுதிய பலகையின் கீழ், தீயணைப்புத் துறை சீருடையில் ஒருவர் நின்றுகொண்டிருந்தார். பெரிய கூட்டம் கூடுகிற விழாவுக்கு ஒருவரை நிறுத்துவது விதி. ஐம்பது வயது இருக்கும். அவர் அக்காவுக்குக் கதவைத் திறந்துவிட்டார். திறந்தவர் கையை எடுக்கவில்லை.

"ஒரு நிமிஷம்மா. மேடையில அவர் சொன்னது உங்களைத்தானா?"

"நான் நடிக்கற ஆள் இல்லீங்க," என்றார் அக்கா, களைத்துப்போய்.

"நான் நாவலெல்லாம் படிக்கறதில்லம்மா. டூட்டிக்கு வந்தேன்." அவர் தொப்பியைக் கழற்றினார். "எங்க பயிற்சியில அந்தத் தீ ஒரு பாடம். காவல்காரன் சாவியோட ஓடிட்டான்னு ஒரு வரி வரும். ஆனா பழைய கோப்புல அவரோட ஆஸ்பத்திரிச் சீட்டு இருக்கு, நான் பாத்திருக்கேன். ரெண்டு உள்ளங்கையும் வெந்திருக்குன்னு போட்டிருக்கு. கதவை விட்டு ஓடினவருக்கு உள்ளங்கை எப்படிம்மா வேகும்? அன்னிக்கே கேட்டேன். கேள்வி கேக்காம எழுதிக்கோன்னாங்க."

"அது இரும்புக் கதவு," என்றார் அக்கா. "சாவி போனதுக்கப்புறம் அப்பா ரெண்டு கையாலயும் கைப்பிடியைப் பிடிச்சு இழுத்தார். விடவே இல்ல. நான்தான் சட்டையைப் பிடிச்சு இழுத்தேன்."

"கதவு உள்ள திறக்கறதா, வெளிய திறக்கறதா?"

"வெளிய."

"பூட்டு எந்தப் பக்கம்?"

"இடது பக்கம். என் தலைக்கு மேல."

அவர் சட்டைப்பையிலிருந்து டூட்டிப் புத்தகத்தை எடுத்தார். "கோப்பைத் திரும்பத் திறக்கச் சொல்லி மனு போடலாம்மா. உடனே நடக்கும்னு சொல்ல மாட்டேன். ஆனா ஆஸ்பத்திரிச் சீட்டும் நீங்க சொல்றதும் ஒண்ணாப் போச்சுன்னா, சும்மா தள்ளிவிட முடியாது. நிதானமாச் சொல்லுங்க. நான் எழுதிக்கறேன்."

உள்ளே நாவலாசிரியர் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். வரிசை வாசல்வரை நீண்டிருந்தது. பாலிசி எங்கிருந்தோ ஒரு நாற்காலியைத் தூக்கி வந்து கதவருகே போட்டான். அக்கா உட்கார்ந்தார். அண்ணி அவர் பின்னால் நின்றுகொண்டாள்.

தீயணைப்புக்காரர் தேதி போட்டார். நேரம் போட்டார்.

"அந்தக் காவல்காரருக்கு நீங்க என்ன உறவு?"

"மக," என்றார் சாக்பீஸ் அக்கா.

அவர் அதை எழுதினார்.